டைஸ்வேர்: ஐந்து பகடையும் ஒரு சொற்பட்டியலும்

ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐந்து பகடைகளையும் ஒரு சொற்பட்டியலின் அச்சுப்பிரதியையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, என் மின்னஞ்சல், மற்றக் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் செயலியான கடவுச்சொல் மேலாளர், மடிக்கணினியின் வட்டுக் குறியாக்கம் ஆகிய மூன்றுக்கும் புதிய கடவுச்சொற்களை உருட்டி எடுத்தேன். அவற்றில் ஒன்றைக்கூட இன்றுவரை மாற்றவில்லை. ஒன்றை மட்டும் ஒருமுறை மறந்து, ஓர் இரவு முழுக்கத் தவித்து, மறுநாள் காலையில் மீட்டுக்கொண்டேன். டைஸ்வேர் எனப்படும் இந்த முறைக்குக் கட்டணம் கிடையாது, நிறுவ வேண்டிய செயலி கிடையாது, பதிவுசெய்ய வேண்டிய கணக்கும் கிடையாது. ஆனாலும் ஒரு பொருளை மதிப்பிடுவதுபோல இதை மதிப்பிடலாம் என்று தோன்றியது. ஏனெனில் இதற்கும் நிறைகள் உண்டு, குறைகள் உண்டு, விளம்பரத்தில் சொல்லப்படாத சில தொல்லைகளும் உண்டு. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தலையில் வைத்துக்கொண்டே ஆகவேண்டிய இரண்டு மூன்று கடவுச்சொற்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. மற்ற கணக்குகள் எல்லாவற்றுக்கும் இதையே கையாள முயல்வது வீண் சுமை.

முறையை 1995-இல் வகுத்தவர் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட். பட்டியலில் 7776 சொற்கள் இருக்கும். ஆறை ஐந்து முறை தன்னோடு தானே பெருக்கினால் வரும் எண் அது. ஐந்து பகடைகளை உருட்டினால் ஐந்திலக்க எண் ஒன்று கிடைக்கும், ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக ஒரு சொல் இருக்கும். ஆறு முறை உருட்டினால் ஆறு சொற்கள். அவற்றை விழுந்த வரிசையிலேயே எழுதினால் கடவுச்சொல் ஆயிற்று. சொல் என்பதைவிடக் கடவுத்தொடர் என்பது பொருத்தம். நான் பயன்படுத்தியது ரெய்ன்ஹோல்டின் மூலப்பட்டியல் அல்ல. எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2016-இல் வெளியிட்ட பட்டியல். ஜோசப் பொன்னோ என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் தொகுத்தது. 11111 என்ற எண்ணுக்கு நேரே 'அபாகஸ்' என்றும், கடைசி எண்ணான 66666-க்கு நேரே 'ஜூம்' என்றும் இருக்கும். மூலப்பட்டியலில் ஒற்றை எழுத்துகளும் புரியாத துண்டுகளும் நிறைய உண்டு. புதிய பட்டியலில் அவற்றை நீக்கியிருக்கிறார்கள், எழுத்துக்கூட்டுவதற்குக் கடினமானவற்றையும் இழிசொற்களையும் களைந்திருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த விலை, சொற்கள் சற்று நீண்டுவிட்டன என்பதுதான். பழைய பட்டியலில் ஒரு சொல்லுக்குச் சராசரியாக நாலே சொச்சம் எழுத்து, புதியதில் ஏழு. தட்டச்சில் வேகம் குறைந்தவர்களுக்கு இது உறைக்கும்.

உருட்டும்போது ஒரு சிறு சிக்கல் எழுந்தது. ஐந்து பகடைகளும் ஒரே நேரத்தில் மேசையில் சிதறி விழும். எதை முதல் இலக்கமாக எடுப்பது? நான்கு, ஒன்று, மூன்று, ஆறு, இரண்டு என்று விழுந்ததை இடமிருந்து வலமாகப் படிக்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு பகடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றபோது, எது இடம் எது வலம் என்று தீர்மானிக்கும் அந்த நொடியிலேயே கண் பட்டியலை நோக்கிப் போனது. எந்த வரிசையில் படித்தால் நல்ல சொல் வரும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அதன்பின் ஒரே ஒரு பகடையை ஐந்து முறை உருட்டி, எண்ணைத் தாளில் எழுதி முடித்த பிறகே பட்டியலைத் திறப்பது என்று மாற்றிக்கொண்டேன். முப்பது முறை உருட்ட வேண்டியிருந்தது. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுதிய தாளுக்கு அடியில் இன்னொரு தாளோ நோட்டோ இருக்கக் கூடாது என்பது பின்னர்தான் உறைத்தது: பேனா அழுத்திய தடம் அடுத்த பக்கத்தில் அப்படியே படிக்கும்படி பதிந்திருந்தது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். நாமே யோசித்துக் கடினமான ஒன்றை வைத்துவிட முடியாதா? முடியாது என்பதற்குச் சான்று நிறைய இருக்கிறது. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 3.2 கோடிக் கடவுச்சொற்கள் மறைகுறியாக்கம் எதுவுமின்றி அப்படியே கசிந்தன. அவற்றில் மிக அதிகம் பேர் வைத்திருந்தது 123456. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் பலரும், தங்கள் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக்கி, பிறந்த ஆண்டைச் சேர்த்து, இறுதியில் ஒரு வியப்புக்குறி போட்டுவிட்டால் பிழைத்தோம் என்று நம்புகிறவர்கள்தாம். 'ஏ' என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறி, 'ஓ' எழுத்துக்குப் பதில் பூச்சியம் என்ற உத்திகளும் அப்படித்தான். கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களில் இந்த மாற்றங்கள் எல்லாம் விதிகளாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. கசிந்த பட்டியல்களே அவற்றுக்குப் பாடநூல். நாம் தந்திரம் என்று நினைப்பதை நமக்கு முன்பே லட்சக்கணக்கானோர் நினைத்துவிட்டார்கள்.

இதில் குற்றம் முழுவதும் பயனர்களுடையது என்று சொல்லவும் மனம் வரவில்லை. பெரிய எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, குறியீடு ஒன்று, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றம் என்ற சடங்கு பரவியதற்குப் பின்னால், அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.க்காக பில் பர் என்பவர் 2003-இல் எழுதிய வழிகாட்டிக் குறிப்பு ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற பின், 2017-இல், அந்த அறிவுரையில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துகிறேன் என்று அவரே செய்தித்தாள் ஒன்றிடம் சொன்னார். அதே ஆண்டு வெளிவந்த புதிய வழிகாட்டி, எழுத்துக் கலவை விதிகளையும் காரணமில்லாத காலமுறை மாற்றத்தையும் கைவிட்டது. குறைந்தபட்சம் 64 எழுத்துவரை நீளத்தை அனுமதிக்கச் சொன்னது. கசிந்த கடவுச்சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்து நிராகரிக்கச் சொன்னது. ஆனாலும் எத்தனை பதிவுப் படிவங்கள் இன்னும் பழைய விதியையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் அலுப்புத் தட்டுகிறது.

டைஸ்வேருக்கு வருமுன் நான் கையாண்டதும் பலர் பரிந்துரைக்கும் ஒரு வழிதான். பிடித்த பாடலின் ஒரு வரியை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் கோத்து, நடுவில் ஓர் இலக்கம் வைப்பேன். பார்ப்பதற்குக் குழப்பமான எழுத்துக்கூட்டம் போலிருக்கும், நமக்கு மட்டும் பொருள் புரியும். இதன் ஓட்டை இரண்டு இடங்களில் இருக்கிறது. பாடல் வரிகள் எல்லாமே வெளியில் கிடைப்பவை, அவற்றிலிருந்து முதலெழுத்துகளைத் திரட்டுவது ஒரு நிரலுக்கு நிமிட வேலை. மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் வரியோ பெரும்பாலும் பல்லவியின் முதல் வரி. என்னுடையதும் அதுவேதான். வேறு யாருக்கும் தோன்றாத வரி என்று பெருமையோடு வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது கணக்கு. 7776 சொற்களில் எதுவும் சம வாய்ப்போடு வரக்கூடும் என்றால், ஒவ்வொரு சொல்லும் ஏறத்தாழ 12.9 பிட் (ஒரு பிட் கூடினால் ஊகிக்க வேண்டியவை இரட்டிக்கும்) நிச்சயமின்மையைத் தருகிறது. ஆறு சொற்களுக்கு 77.5 பிட். இந்த எண் நம்மில் பலருக்கு எதையும் உணர்த்தாது என்பதால் வேறுவிதமாகச் சொல்கிறேன். தாக்குபவரிடம் நாம் பயன்படுத்திய பட்டியலே இருக்கிறது, எத்தனை சொற்கள் என்பதும் அவருக்குத் தெரியும், நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஊகங்களைச் சோதிக்கும் வலிமையும் அவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சொல் தொடர்கள் அனைத்தையும் அவர் ஒரு மணி நேரத்தில் சோதித்து முடித்துவிடுவார். ஐந்து சொல் என்றால் ஏறத்தாழ பதினொரு மாதம். ஆறு சொல் என்றால் ஏழாயிரம் ஆண்டு. ஒரு சொல் கூடும்போது வேலை 7776 மடங்கு பெருகுவதால் வரும் பாய்ச்சல் இது. ஒப்பீட்டுக்கு, விசைப்பலகையில் உள்ள 95 குறிகளிலிருந்து முற்றிலும் குருட்டாம்போக்கில் எடுத்த எட்டெழுத்துக் கடவுச்சொல், அதே வலிமைக்கு முன் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அப்படி ஒன்றை மனப்பாடம் செய்யவோ நாள்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் நான் வேண்டுமென்றே தாக்குபவருக்குச் சாதகமாக எடைபோட்டிருக்கிறேன். ஆர்கான்2 போல, ஒவ்வோர் ஊகத்துக்கும் நேரமும் நினைவகமும் செலவாகும்படி வடிவமைத்த முறையில் கடவுச்சொற்களைச் சேமிக்கும் தளத்திடம் நொடிக்கு லட்சம் கோடி என்ற வேகம் எடுபடாது. நம் கடவுச்சொல்லை எந்தத் தளம் எப்படிச் சேமிக்கிறது என்பது நமக்குத் தெரியாது என்பதால்தான் மோசமான நிலையை வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. ரெய்ன்ஹோல்டே முதலில் ஐந்து சொல் போதும் என்று சொல்லிவந்து, 2014 முதல் ஆறு சொல் வேண்டும் என்று உயர்த்திக்கொண்டார். ஆறுதான் என் பரிந்துரையும்.

இந்த முறையின் உண்மையான சோதனை நினைவில் இருக்கிறது. ஆறு தொடர்பற்ற சொற்கள் மனத்தில் தங்குமா? தங்கும், ஆனால் அதற்கு ஒரு வேலை செய்ய வேண்டும். என் கடவுத்தொடரை இங்கே எழுத முடியாதாகையால், விளக்கத்துக்காகத் தமிழில் ஆறு சொற்கள்: கிணறு, தபால், ஒட்டகம், ஏணி, மத்தளம், நூல். அச்சில் வந்துவிட்டதால் இதை யாரும் பயன்படுத்த வேண்டாம். ஒரு கிணற்றின் அடியிலிருந்து யாரோ தபால் அனுப்புகிறார்கள், அதை வாங்கிக்கொள்ள வந்த ஒட்டகம் ஏணி வைத்து இறங்குகிறது, அதன் முதுகில் ஒரு மத்தளம், அது விழாமல் மெல்லிய நூலால் கட்டியிருக்கிறது. காட்சி எவ்வளவு அபத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அறிவுக்குப் பொருந்தும் கதை ஒன்றைக் கட்ட முயன்ற இடத்தில்தான் எனக்கு வரிசை தடுமாறியது. முதல் வாரம் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வேண்டுமென்றே வெளியேறி உள்நுழைந்தேன். பத்தாம் நாளில் விரல்களே சொற்களை அறிந்துவிட்டன. இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்ப உள்ளிடச் செய்வதன்மூலம், சீரற்ற முறையில் உருவான 56 பிட் ரகசியத்தைச் சாதாரண மனிதர்கள் கற்றுக்கொள்ள முடியும் என்பதைப் பொன்னோவும் ஸ்டூவர்ட் ஷெக்டரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது.

மறந்த கதைக்கு வருகிறேன். வட்டுக் குறியாக்கத்தின் தொடரை நான் அதிகம் தட்டுவதில்லை. மடிக்கணினியை முழுவதும் அணைத்து எழுப்பும்போது மட்டுமே தேவைப்படும். மூன்று வாரங்களுக்குப் பின் ஓர் இரவு எழுப்பியபோது காட்சி முழுதாக நினைவிலிருந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. காட்சியில் இருந்தது ஒரு பொருள். அந்தப் பொருளுக்குப் பட்டியல் தந்திருந்த சொல் வேறு. தமிழில் சொல்வதானால், ஒட்டகத்தின் முதுகில் மத்தளத்தைப் பார்த்துவிட்டு 'முரசு' என்று தட்டிக்கொண்டிருந்தேன். கதை படமாகத் தங்குகிறது, கடவுச்சொல்லோ எழுத்தாக இருக்கிறது. இந்த இடைவெளியை எந்த அறிமுகக் கட்டுரையும் எனக்கு எச்சரிக்கவில்லை. அதற்குப்பின், காட்சிக்குள்ளேயே சொல்லின் ஒலியையும் நுழைத்துவிடுகிறேன்: ஒட்டகம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவுகிறது. சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் அதன்பின் தவறவில்லை.

தாளில் எழுதிவைப்பது பாவம் என்ற எண்ணத்தையும் நான் விட்டுவிட்டேன். சிறிய காகிதத்துண்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நமக்குக் கைவந்த கலை, கடவுச்சொல்லை எழுதிப் பணப்பையில் வையுங்கள் என்று கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ப்ரூஸ் ஷ்னயர் 2005-இலேயே சொல்லியிருக்கிறார். தொலைவிலிருந்து தாக்குபவரின் கை நம் மேசையறைக்குள் நீளாது. மனப்பாடம் ஆகும்வரை பூட்டிய இழுப்பறையில் ஒரு தாள் இருந்தால், புதிய தொடரை அச்சமின்றி உடனே பயன்பாட்டுக்குக் கொண்டுவரலாம். வீட்டில் உடன் இருப்பவர்களை நம்ப முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது.

தமிழர் ஒருவர் இந்தப் பட்டியலைக் கையிலெடுத்தால் முதலில் இடறுவது மொழியில்தான். 7776 ஆங்கிலச் சொற்களில் கணிசமானவை நம் அன்றாடப் புழக்கத்தில் இல்லாதவை. பொருள் தெரிந்தாலும் காட்சியாக விரியாதவை. ஆகவே நானே ஒரு தமிழ்ப் பட்டியல் தயாரித்துப் பார்த்தேன். 7776 சொற்களைத் திரட்டும் பொறுமை இல்லை. எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷனே நான்கு பகடைகளுக்கான 1296 சொற்களைக் கொண்ட சிறு பட்டியல்களையும் வெளியிட்டிருக்கிறது. அந்த அளவே போதும் என்று கண்ணில் படும் பொருள்கள், விலங்குகள், கருவிகள், இயற்கை என்று எளிய பெயர்ச்சொற்களைச் சேர்த்தேன். சிறு பட்டியலில் ஒரு சொல்லுக்கு 10.3 பிட் மட்டுமே என்பதால், ஏழு சொல் எடுத்தால் 72 பிட். பெரிய பட்டியலின் ஆறு சொல்லைத் தாண்ட வேண்டுமானால் எட்டு எடுக்க வேண்டும். காட்சிகள் உடனே எழுந்தன, மனப்பாடம் பாதி நேரத்தில் முடிந்தது. ஏழு தமிழ்ச் சொல் எனக்கு ஆறு ஆங்கிலச் சொல்லைவிட எளிதாக இருந்தது.

தொல்லை தட்டச்சில் ஆரம்பித்தது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நம்மில் யாருக்கும் நிலையான எழுத்துக்கூட்டு கிடையாது. கிழவன் என்பதில் வரும் ழகரத்துக்கு 'இசட் எச்' போடுவதா, 'எல்' போடுவதா? ஏணியின் முதலெழுத்து நெடில் என்பதைக் காட்ட 'ஈ' என்ற எழுத்தை இரட்டிப்பதா, அப்படி எழுதினால் அது ஈகாரமாக ஒலிக்காதா? தபாலின் 'ப'வுக்கு ஆங்கில 'p'யா 'b'யா என்று நின்றேன், ஏனெனில் எழுத்து ஒன்று, வாயில் வரும் ஒலி இன்னொன்று. ஒரே சொல்லை ஒரு வாரத்துக்குள் நானே மூன்று விதமாக எழுதியிருந்தேன். கடைசியில் ழகரம், இரட்டிக்கும் றகரம், சொல்லுக்கு நடுவே வரும் வல்லினம் ஆகியவற்றைக் கொண்ட சொற்களையெல்லாம் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துக்கூட்டையும் பக்கத்திலேயே எழுதிவைத்தேன். மேலே விளக்கத்துக்குச் சொன்ன கிணறும் தபாலும் இப்படித்தான் பட்டியலைவிட்டுப் போயின.

அப்படியானால் தமிழ் எழுத்திலேயே தட்டிவிடலாமே என்று தோன்றும். பல தளங்கள் ஏற்றுக்கொள்ளவும் செய்கின்றன. ஆனால் உள்ளே நடப்பது வேறு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடின் வழக்கமான யூடிஎஃப்-8 வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். க, புள்ளி, கால் என்று ஒவ்வொன்றும் தனிக் குறி. கடவுச்சொற்களைச் சேமிக்க இன்றும் பரவலாகப் பயன்படும் பிகிரிப்ட் முறையோ முதல் 72 பைட்டுக்கு மேல் எதையும் பார்ப்பதில்லை. அதாவது 24 தமிழ்க் குறிகள். மேலே சொன்ன தொடரையே இடைவெளிவிட்டு எழுதி எண்ணிப் பாருங்கள்: கிணறு 15 பைட், தபால் 15, ஒட்டகம் 21, ஏணி 9, இடைவெளிகளையும் சேர்த்தால் நான்கு சொல்லில் 64 ஆகிவிட்டது. மத்தளத்தின் 'மத' வரை உள்ளே போகும், புள்ளியில் வெட்டு விழும். நூல் வெளியே நிற்கும். தளம் எச்சரிக்கவில்லை என்றால், ஆறு சொல் வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கையில் நாலேகால் சொல்லோடு இருப்போம்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. 'கோ' என்ற எழுத்தைக் ககரமும் ஒரே ஓகாரக் குறியுமாகவும் சேமிக்கலாம், ககரத்தோடு இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் கணக்கில் ஒன்று ஆறு, மற்றது ஒன்பது. கைப்பேசியின் விசைப்பலகை ஒருவிதமாகவும் கணினியின் விசைப்பலகை மற்றொருவிதமாகவும் அனுப்பினால், தளம் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாத பட்சத்தில், சரியான கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டே வெளியில் நிற்க வேண்டியதுதான். என்.ஐ.எஸ்.டி.யின் 2017 வழிகாட்டி இந்த ஒருமைப்படுத்தலைச் செய்யச் சொன்னது. எல்லாத் தளமும் செய்கிறது என்று நம்பி நான் என் மின்னஞ்சலைப் பணயம் வைக்கத் தயாராக இல்லை. தமிழ்ச் சொல், ஆங்கில எழுத்து, உறுதியான எழுத்துக்கூட்டு என்பதே என் முடிவு.

தளங்களின் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மாதந்தோறும் கட்டணம் செலுத்த நான் நுழையும் ஒரு சேவை, பதிவுசெய்தபோது என் முப்பத்தைந்து எழுத்துத் தொடரைப் புன்னகையோடு வாங்கிக்கொண்டு, 'கடவுச்சொல் வலிமையானது' என்று பச்சைக் கோடும் காட்டியது. உள்நுழையப் போனால் தவறான கடவுச்சொல் என்றது. மூன்று முறை தவறியதும் கணக்கைப் பூட்டியது. உதவி மையத்தில் பேசியவர் பொறுமையாக, "சார், பதினாறு எழுத்துக்குள்ள வெச்சுக்கோங்க" என்றார். பதிவுப் பக்கம் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டியிருந்தது, உள்நுழைவுப் பக்கம் வெட்டவில்லை, இவ்வளவுதான் நடந்தது. இது டைஸ்வேரின் குறை அல்ல என்றாலும், நீளமான தொடரை நம்பியிருப்பவர் இதுபோன்ற சுவர்களில் மோதவே செய்வார். நீளம் மறுக்கப்படும் இடத்தில் இந்த முறையால் பயனில்லை. இலக்கமும் குறியீடும் கட்டாயம் என்று அடம்பிடிக்கும் படிவத்துக்கு மட்டும் எப்போதும் ஒரே இலக்கத்தையும் ஒரே குறியையும் இறுதியில் ஒட்டுகிறேன்; அவை வலிமை தருவதாக எண்ணிக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொலைக்காட்சியின் ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து ஆறு சொற்களை உள்ளிட்ட அரைமணி நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் விடுகிறேன்.

எனவேதான் மூன்று கணக்குகளோடு நிறுத்திக்கொண்டேன். ஒரே தொடரைப் பல தளங்களில் பயன்படுத்தினால், அவற்றில் மிகப் பலவீனமான தளம் கசியும் நாளில் எல்லாமே போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தொடர் என்றால் நூறு ஒட்டகங்களை யார் மேய்ப்பது? மீதியைக் கடவுச்சொல் மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அது ஒவ்வொரு தளத்துக்கும் இருபதெழுத்துக் குப்பையை உருவாக்கித் தானே நிரப்புகிறது, நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பெட்டகத்தின் சாவியாக இருக்கும் தலைமைக் கடவுச்சொல் மட்டும் பகடையில் பிறந்தது. இந்த ஒரு சாவியில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் மேலாளரின் பயனர்களுடைய மறைகுறியாக்கப்பட்ட பெட்டகங்கள் திருடுபோனதே போதுமான காரணம். பெட்டகமே எதிரியின் கைக்குப் போய்விட்டால் பிறகு காப்பது தலைமைக் கடவுச்சொல்லின் வலிமை மட்டுமே.

கீபாஸ்எக்ஸ்சி, பிட்வார்டன் ஆகிய மேலாளர்களுக்குள்ளேயே இதே 7776 சொல் பட்டியலிலிருந்து தொடர் உருவாக்கும் வசதி இருக்கிறது. பகடை வாங்கவும் வேண்டாம், தாள் அச்சிடவும் வேண்டாம். வேகத்தில் இதற்கு ஈடில்லை, நம்பகத்திலும் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் 'மறுபடி உருவாக்கு' என்ற பொத்தான் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிடித்த தொடர் வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பது மறுபடி நம் ரசனையை உள்ளே அழைத்து வருவதுதான். இருந்தாலும் இதற்காகப் பதற வேண்டியதில்லை: பதினாறு தொடர்களைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தால் மிக மோசமான கணக்கிலும் இழப்பது நான்கு பிட். சொற்களை அழகாக வரிசைமாற்றிக்கொள்வதில்தான் இழப்பு அதிகம். ஆறு சொற்களை 720 விதமாக அடுக்கலாம் என்பதால் ஒன்பதரை பிட் வரை, அதாவது ஏறத்தாழ முக்கால் சொல், பறிபோகலாம். விழுந்த வரிசையில் விட்டுவிடுவதே நல்லது.

முறையால் ஆகாத காரியங்களையும் சொல்லிவிட வேண்டும். போலித் தளத்தில் நாமே போய்த் தட்டினால் ஏழாயிரம் ஆண்டுக் கணக்கு ஒரு நொடியில் கரைந்துவிடும். விசைத்தட்டல்களைத் திருடும் தீநிரல் கணினியில் இருந்தாலும் அதே கதி. இரண்டாம் படிச் சரிபார்ப்பை மின்னஞ்சலில் கட்டாயம் இயக்கிவைத்திருக்கிறேன். கடவுச்சொல்லுக்குப் பதில் நம் கருவியில் இருக்கும் சாவியால் உள்நுழையும் பாஸ்கீ தரும் தளங்களில் அதற்கே மாறிவருகிறேன், ஏனெனில் அது போலித் தளத்துக்குத் தன்னைக் கொடுக்காது. ஏற்கெனவே வைத்திருக்கும் கடவுச்சொல் கசிந்ததா என்று பார்க்க ட்ராய் ஹன்ட் நடத்தும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளம் உதவும்: கடவுச்சொல்லை அனுப்பாமல், அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹாஷ் மதிப்பின் முதல் ஐந்து குறிகளை மட்டும் அனுப்பி, பொருந்துபவற்றின் பட்டியலை வாங்கி நம் பக்கத்திலேயே ஒப்பிடும் ஏற்பாடு அது. என் பழைய பல்லவிக் கடவுச்சொல்லை அதில் சோதித்தேன். இருந்தது.

சென்ற மாதம் அக்காவுக்கு ஒரு தொடர் தேவைப்பட்டது. தமிழ்ப் பட்டியலை நீட்டினேன், பகடையை அவளே உருட்டினாள். ஏழில் ஆறு சொற்களுக்குத் தலையாட்டியவள், ஐந்தாவதைப் பார்த்து முகம் சுளித்து, "இந்தத் தேள் மட்டும் வேண்டாம்டா, ராத்திரி கனவுல வரும்" என்றாள். ஒரு சொல்லை ஒருமுறை மட்டும் மறுபடி உருட்டினால் இழப்பது அதிகபட்சம் ஒரு பிட், சம்மதித்தேன். மறுபடி உருட்டினாள். பூரான் வந்தது. சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது பரவாயில்லை என்று எழுதிக்கொண்டு போனாள். இப்போது அதை என்னைவிட வேகமாகத் தட்டுகிறாள்.